தேங்காய், பால், பார்லி: எல்டிஎல் குறைய நம்ம அடுப்படியில் எதை மாற்றணும்?

கெடிலக்கரை (உணவியல்)

கடலூர், புதுச்சேரி வீடுகளில் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்த மறுநாள் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். முட்டை மஞ்சள்கரு நிற்கும். இறால் நிற்கும். காலையில் ஓட்ஸ் கஞ்சி, வெறும் வயிற்றில் பூண்டு. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தால் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் இருந்த இடத்திலேயே நிற்கும், "சாப்பாட்டில் குறைவதெல்லாம் பொய்" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். சாப்பாட்டில் குறையும். ஆனால் எது கூட்டுகிறதோ அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லைப் பிடித்து வெளியேற்றுவது கல்லீரல். அதன் செல்கள் மேல் இருக்கிற ஏற்பிகள் எல்டிஎல் துகளை உள்ளே இழுக்கின்றன. லேபிளில் 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்று போடுகிற நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அந்த ஏற்பிகளின் வேலை குறைகிறது, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்குகிறது. உணவில் நேரடியாக வரும் கொலஸ்ட்ராலுக்கு, பெரும்பாலானவர்களிடம், இவ்வளவு பலம் இல்லை.

எல்டிஎல் கூடியவருக்கு நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1800 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது நாளைக்கு 14 கிராம். இந்த 14 என்ற எண்ணோடு நாலு பேர் வீட்டுச் செலவைப் பாருங்கள்.

தினம் ஒரு மூடி தேங்காய் என்று வைப்போம். நடுத்தரக் காயில் ஒரு மூடிக்குச் சுமார் 125 கிராம் பருப்பு தேறும். 100 கிராமுக்கு 30 கிராம் அளவில் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மூடிக்கு 37, தலைக்கு 9 கிராம்.

காபி, தயிர், மோர் எல்லாம் சேர்த்துத் தலைக்குக் கால் லிட்டர் பால். 6 சதவீதக் கொழுப்புள்ள முழு கிரீம் பால் என்றால் அதில் கொழுப்பு 15 கிராம், நிறைவுற்றது 9 கிராமுக்கு மேல். 3 சதவீதப் பாலில் அது 5க்குள் வந்துவிடும். 1.5 சதவீதப் பாலில் இரண்டரை.

தேங்காயும் பாலுமே 18 ஆகிவிட்டது. எண்ணெய்ச் சட்டி இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை. ஓட்ஸ் தோற்பது இந்த இடத்தில்தான்.

---

முத்தியால்பேட்டை_வாசகன்

மேடம், தேங்காயைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் ஒரு கேள்வி. பசிபிக் தீவுகளான டொகெலாவ், புகாபுகாவில் தேங்காய்தான் முக்கிய உணவு. அங்கே இதய நோய் அரிது என்று 1981ல் ஆய்வே வந்திருக்கிறது. நம்ம ஊரிலும் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் சேர்த்துத்தானே சமைக்கிறோம்?

---

கெடிலக்கரை

அந்த ஆய்வை முழுக்கப் பார்க்க வேண்டும் சார். இரண்டு தீவையும் ஒப்பிட்டபோது, தேங்காயிலிருந்து அதிகக் கலோரி எடுத்த டொகெலாவ் மக்களின் கொலஸ்ட்ரால் புகாபுகா மக்களுடையதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. டொகெலாவில் கலோரியில் 63 சதவீதம் தேங்காய், புகாபுகாவில் 34. இதய நோய் அரிதாக இருந்ததற்கு அவர்கள் சாப்பிட்ட மீனும், சர்க்கரை குறைந்த உணவும், உடல் உழைப்பும் சேர்ந்து காரணமாக இருக்கலாம். அந்த வாழ்க்கையோடு வந்த தேங்காயை மட்டும் பிய்த்தெடுத்து, மூன்று வேளைச் சோறு, நாற்காலி வேலையோடு சேர்த்தால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

தேங்காய் எண்ணெயை மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட பரிசோதனைகளை 2020ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய் எடுத்தவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 100 மில்லி ரத்தத்துக்கு 10 மி.கி. கூடியிருந்தது. 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல்லும் கொஞ்சம் கூடியது. ஆனால் எச்டிஎல் கூடுவது எல்டிஎல் கூடியதை ஈடுகட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. இந்த ஆய்வுகள் எண்ணெயைப் பற்றியவை. துருவிய தேங்காயில் நாரும் இருக்கிறது, அதைப் பற்றிய ஆய்வு குறைவு. அதனால் பொரியலுக்கு ஒரு கரண்டி தூவுவதை நான் தடுக்க மாட்டேன். தேங்காய்ப்பால் வேறு கதை. சக்கையைப் பிழிந்து எறிந்தபின் மிஞ்சுவது கொழுப்புதான். கெட்டியான முதல் பாலில் 100 மில்லிக்குச் சுமார் 18 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ஆப்பத்துக்கு ஒரு கிண்ணம் ஊற்றினால் அன்றைய 14 அதிலேயே போய்விட்டது.

---

செக்குமரம்_வில்லியனூர்

எண்ணெய்க் கணக்கை நான் போடுகிறேன். தலைக்கு நாளைக்கு 20 மில்லி, அதாவது 4 டீஸ்பூன். நாலு பேருக்கு மாதம் 2.4 லிட்டர். இதற்கு மேல் வாங்குகிற வீட்டில் எந்த எண்ணெய் என்ற கேள்வியே அடுத்ததுதான், முதலில் அளவு.

அந்த 20 மில்லியில் நிறைவுற்ற கொழுப்பு தோராயமாக: நல்லெண்ணெய் இரண்டே முக்கால் கிராம், மணிலா (நிலக்கடலை) எண்ணெய் மூன்றேகால், பாமாயில் 8, தேங்காய் எண்ணெய் 16. சூரியகாந்தி 2 கிராம் அளவில் நிற்கும்.

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாட்டிலில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் இருக்காது, பாமாயில் உட்பட. பார்க்க வேண்டியது பின்பக்கச் சிறிய எழுத்தில் இருக்கிற சாச்சுரேட்டட் ஃபேட் வரி.

இன்னொன்று, செக்கில் ஆட்டினதாலேயே கொழுப்பின் தன்மை மாறாது. செக்குத் தேங்காய் எண்ணெயும் தேங்காய் எண்ணெய்தான். செக்கு எண்ணெயில் வாசமும் சில இயற்கைச் சத்துகளும் தங்கும், அவ்வளவே சொல்லலாம். மணிலா ஆட்டக் கொடுக்கும்போது பருப்பைப் பாருங்கள். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கறுத்தது இருந்தால் பொறுக்கி எறியணும். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் சுத்திகரிக்காத எண்ணெயில் இறங்கிவிடும், கல்லீரலுக்குக் கேடு. ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு மேலாக எடுங்கள். மண்டி கலந்த எண்ணெய் சட்டியில் சீக்கிரம் கருகும், நுரைக்கும்.

---

அடுப்படி_மஞ்சக்குப்பம்

கடலூர்ப் பக்கம் ரேஷன் கார்டுக்கு 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்குது. அதை வேண்டாம்னு சொல்ல எல்லா வீட்டாலும் முடியாது. அதை என்ன செய்யலாம்?

---

கெடிலக்கரை

அதை வாங்குவதில் பயப்பட ஒன்றும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் 910 கிராம், அதில் நிறைவுற்றது சுமார் 400. நாலு பேர், 30 நாள் என்றால் தலைக்கு நாளைக்கு மூன்றேகால் கிராம். அதே லிட்டரை மணிலா எண்ணெயாக மாற்றினால் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை. மிச்சம் 2 கிராம்கூட இல்லை. பாலை 6 சதவீதத்திலிருந்து 3க்கு மாற்றினால் மிச்சம் நாலரை கிராம், பணமும் மிச்சம். தேங்காயை ஒரு மூடியிலிருந்து கால் மூடிக்குக் கொண்டுவந்தால் தலைக்கு 7 கிராமுக்குப் பக்கம் மிச்சம்.

ஆகவே கையில் காசு இறுக்கம் என்றால் வரிசை இது: தேங்காய், பால், அப்புறம் எண்ணெய். ரேஷன் பாமாயிலை எப்போதாவது பொரிப்பதற்கு வைத்துக்கொண்டு, தினசரித் தாளிப்புக்கு மணிலா எண்ணெயோ நல்லெண்ணெயோ வையுங்கள். ஆனால் கடையில் கூடுதலாகப் பாமாயில் வாங்கி மாதம் 3 லிட்டர் ஓடுகிற வீட்டில் இந்தக் கணக்கு மாறிவிடும். அங்கே தலைக்கு 10 கிராம் எண்ணெயிலிருந்தே வரும்.

---

அடுப்படி_மஞ்சக்குப்பம்

தேங்காய் குறைக்கிறதுக்கு ருசி கெடாத வழி நிறைய இருக்குங்க.

சட்னி, நாலு பேருக்கு: வறுத்த மல்லாட்டை (நிலக்கடலை) 40 கிராம், பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி, தேங்காய் 1 மேசைக்கரண்டி, வரமிளகாய் 4, சுண்டைக்காய் அளவு புளி, 2 பல் பூண்டு, உப்பு. மல்லாட்டையைச் சின்னத் தீயில் தோல் பொரியிற வரைக்கும்தான் வறுக்கணும். கறுப்புப் புள்ளி விழுந்தா சட்னி கசக்கும், தண்ணி ஊத்தினாலும் சரியாகாது. அரைச்சு வச்சா அரை மணியில இறுகும். வெந்நீர் விட்டுத் தளர்த்துங்க, பச்சைத் தண்ணி விட்டா சீக்கிரம் ஊசிப்போகும்.

குருமாவுக்கு அரை மூடி தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை 2 மேசைக்கரண்டி, ஊற வச்ச கசகசா 1 டீஸ்பூன், வதக்கின வெங்காயம் ஒண்ணு சேர்த்து நைசா அரைங்க. இதைக் கடைசி 5 நிமிஷத்துலதான் ஊத்தணும். முன்னாடியே ஊத்தினா அடி பிடிக்கும், மாவு வாசம் வரும்.

மீன் குழம்புக்குத் தேங்காய் வேணவே வேணாம். சின்ன வெங்காயம் 15, தக்காளி 2 வதக்கி அரைச்சுப் புளித்தண்ணியோட கொதிக்க விட்டா அதுவே கெட்டியாகும். அரைக் கிலோ மீனுக்கு 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் போதும். "எண்ணெய் பிரியணும்"னு கால் கிளாஸ் ஊத்துறது பழக்கம்தான், புளிக் குழம்பு கெடாம இருக்க அவ்வளவு தேவைப்பட்ட காலம் உண்டு, இப்ப ஃபிரிட்ஜ் இருக்கு.

---

முதுநகர்_மீன்மேடை

மீன் பத்தி நான் சொல்றேன். கொலஸ்ட்ரால்னு சொன்னதும் எறாவை நிறுத்துறாங்க, வஞ்சிரம் வறுவல் மட்டும் விடறதில்ல. எறா 100 கிராமில கொழுப்பு 1 கிராம் சுத்தி, அதுல நிறைவுற்றது அரைகூட வராது. கொலஸ்ட்ரால் மட்டும் 150லேர்ந்து 190 மி.கி. வரைக்கும் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை எறா தொக்கு, எண்ணெய் அளவா போட்டா பெரும்பாலானவங்களுக்குப் பிரச்சனை வராது. எறாவை மாவுல புரட்டிப் பொரிச்சா சட்டியில இருக்கிற எண்ணெய்தான் உள்ள போகுது.

நல்ல கொழுப்பு வேணும்னா வெலை கம்மியான மீன்லதான் இருக்கு: மத்தி, கவலை, சூடை, கானாங்கெளுத்தி. வஞ்சிரம், வவ்வாலுக்குக் கொடுக்கிற காசுல நாலு நாள் கானாங்கெளுத்தி வாங்கலாம். வாங்கும்போது கண்ணு தெளிவா இருக்கணும், செவுள் சிவப்பா இருக்கணும், வயித்தை அழுத்தினா உடையக் கூடாது. மத்தியில எண்ணெய் ஜாஸ்தி, அதனால சீக்கிரம் காறும். வாங்கின அன்னைக்கே குழம்பு வச்சுடுங்க, இல்லன்னா ஐஸ் போட்டு வைங்க. கானாங்கெளுத்தி ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்ததுன்னா உடம்பு முழுக்கத் தடிப்பு, அரிப்பு வரும். அதுல உண்டாகிற நஞ்சு சமைச்சாலும் போகாது.

---

கெடிலக்கரை

அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்க்க வேண்டும். மீனில் இருக்கிற ஒமேகா 3 குறைப்பது ரத்தத்தில் இருக்கிற இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடை, அதுவும் மருந்து அளவில் எடுக்கும்போது. எல்டிஎல்லை அது குறைக்காது, சிலருக்குக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். வாரம் இரண்டு நாள் மீன் நல்லது என்பது ஆட்டுக்கறியின் இடத்தை அது எடுத்துக்கொள்வதாலும்தான். எல்டிஎல் குறையட்டும் என்று மீன் எண்ணெய் மாத்திரை வாங்குவது வீண் செலவு.

முட்டைக்கும் இதே பதில். ஒரு முட்டையில் கொலஸ்ட்ரால் 185 மி.கி. சுற்றி, நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம். சிலருக்கு மட்டும் முட்டைக்கு எல்டிஎல் நன்றாக ஏறும், யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பவர்கள் மஞ்சள்கருவை வாரம் மூன்று நாலோடு நிறுத்திக்கொள்வது பத்திரம். ஆட்டு மூளை தனி ரகம், 100 கிராமில் 2000 மி.கி. அளவுக்குக் கொலஸ்ட்ரால். அதை "சத்து" என்று வாரம் தோறும் கொடுப்பதை விடுங்கள்.

---

லேப்மேசை

எல்லோரும் எல்டிஎல் என்று பேசுகிறோம், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லவில்லை. நிறைய லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறோம். மொத்தம் கழித்தல் எச்டிஎல் கழித்தல் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு.

உதாரணம்: மொத்தம் 228, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 210. ஐந்தில் ஒன்று 42. எல்டிஎல் 148. டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இந்தச் சூத்திரம் செல்லாது. அப்போது 'டைரக்ட் எல்டிஎல்' என்று கேட்டு எடுங்கள். இல்லாவிட்டால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள், இங்கே 190. இந்த எண்ணுக்கு நான்-எச்டிஎல் என்று பெயர். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் இது அதிகம் மாறாது. எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் இதன் இலக்கு. வேறு நோய் இல்லாதவருக்கு எல்டிஎல் 100க்குள், சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு 70க்குள், மாரடைப்பு வந்தவருக்கு 55க்குள் என்று டாக்டர்கள் வைக்கிறார்கள்.

மேலே உள்ள ரிப்போர்ட் மாதிரி, அதாவது டிரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கியது, நம் ஊரில் மிகச் சாதாரணம். அதற்குக் காரணம் தேங்காயோ பாலோ மட்டும் அல்ல. சோறு, சர்க்கரை, மைதா, மது.

திரும்ப எடுப்பதற்கு 8 வாரமாவது விடுங்கள். அதே லேப், இரவு 12 மணி நேரம் பட்டினி, முந்தின மூன்று நாள் மது கூடாது, காய்ச்சல் வந்து போன உடனே வேண்டாம். எதுவும் மாறாமலேயே எல்டிஎல் ஒரு நாளுக்கு இன்னொரு நாள் 8, 10 சதவீதம் ஏறி இறங்கும். 128 போய் 121 வந்தால் அதைக் கொண்டாடவும் வேண்டாம், 128 போய் 134 வந்தால் கலங்கவும் வேண்டாம்.

---

முத்தியால்பேட்டை_வாசகன்

டிரைகிளிசரைடுக்கு ஓட்ஸ் உதவாதா?

---

கெடிலக்கரை

பெரிதாக உதவாது. அதற்கு வழி வேறு. மதியம் மூன்று கிண்ணம் சோறு என்றால் ஒன்றரை ஆக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும். காபி, டீயில் சர்க்கரை நிறுத்தம். பாட்டில் பானங்களும் பழச்சாறும் நிறுத்தம். மது குடிப்பவர்கள் அதை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே எண் இறங்குவது தெரியும். புதுச்சேரியில் மது எளிதாகக் கிடைப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். "நல்ல கொலஸ்ட்ரால் கூடும்" என்று குடிப்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. எடை 5 சதவீதம் குறைந்தாலே டிரைகிளிசரைடு நன்றாக இறங்கும்.

இப்போது எல்டிஎல்லுக்கான நார். கரையும் நார் குடலில் கூழாகிப் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோய்விடும். பித்த அமிலத்தைக் கல்லீரல் செய்வது கொலஸ்ட்ராலிலிருந்து. இழந்ததை ஈடுகட்ட அது ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை எடுத்துக்கொள்கிறது. ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா-குளுக்கான் என்ற கரையும் நார் நாளைக்கு 3 கிராம் போனால்தான் இந்த வேலை நடக்கும், எல்டிஎல் 5 சதவீதம் சுற்றிக் குறையும். 3 கிராமுக்கு 75 கிராம் வெறும் ஓட்ஸ் வேண்டும். மசாலா ஓட்ஸ் சின்னப் பாக்கெட் 40 கிராம், அதிலும் ஓட்ஸ் ஒரு பகுதிதான், மீதி உப்பும் மாவும். பாதி மருந்து சாப்பிட்டு முழுப் பலன் கேட்கிறோம்.

நான் பார்லியைச் சொல்வேன். ஓட்ஸைவிட நம்ம சமையலுக்குப் பொருந்தும். பாலிஷ் போட்ட முத்துப் பார்லியிலும் பீட்டா-குளுக்கான் இருக்கும், ஏனென்றால் அது தவிட்டில் மட்டும் இல்லாமல் மணி முழுக்கப் பரவியிருக்கிறது.

---

அடுப்படி_மஞ்சக்குப்பம்

பார்லி தோசை அளவு: பார்லி 2 டம்ளர், இட்லி அரிசி 1 டம்ளர், உளுந்து முக்கால் டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். பார்லி 6 மணி நேரம் ஊறணும், 3 மணி நேரத்துல அரைச்சா கல்லு சுத்தும், மாவு கொரகொரன்னு நிக்கும். ஊறின தண்ணியையே விட்டு அரைங்க. உளுந்தைத் தனியா அரைச்சுக் கலக்கணும். இட்லிக்கு இந்த அளவு சரி வராது, பிசுபிசுன்னு அமுங்கும். இட்லிதான் வேணும்னா பார்லியும் அரிசியும் சமம். தோசை முதல்ல ஒட்டும், கல்லு நல்லாக் காய்ஞ்சு தண்ணி தெளிச்சுத் துடைச்சிட்டு ஊத்துங்க. 24 தோசை வரும்.

கஞ்சிக்கு 60 கிராம், அதாவது ஒரு ஆளுக்கு கால் டம்ளருக்குச் சற்று மேல, 4 மடங்கு தண்ணி, குக்கர்ல 6 விசில். பாதிக்கு மேல நிரப்பக் கூடாது. பார்லி நுரைச்சு வெயிட் ஓட்டையை அடைக்கும், அது ஆபத்து. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா நுரை அடங்கும். மோர், சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கலாம்.

---

கெடிலக்கரை

அக்கா கொடுத்த அளவில் மூன்று தோசைக்கு 48 கிராம் பார்லி, பீட்டா-குளுக்கான் சுமார் 2 கிராம். மாலையில் சின்னக் கிண்ணம் கஞ்சி குடித்தால் 3 தாண்டிவிடும். பார்லியை வேகவைத்து வடிகட்டித் தண்ணியை மட்டும் குடிப்பவர்கள் கவனிக்க: நாரில் பெரும்பகுதி நீங்கள் எறிகிற மணியில் இருக்கிறது.

---

பண்ருட்டி_தோப்பு

ஏன் பார்லி? நம்ம மண்ணில் கம்பும் கேழ்வரகும் விளையுது. கூழ் குடிச்சா குறையாதா? முந்திரியும் கொழுப்புன்னு ஒதுக்குறாங்க, பண்ருட்டிக்காரன் நான் கேட்கணும்.

---

கெடிலக்கரை

கூழ் நல்ல உணவு அண்ணா. வெள்ளைச் சோற்றின் இடத்தில் கூழ் வந்தால் சர்க்கரைக்கும் டிரைகிளிசரைடுக்கும் நல்லது. ஆனால் கம்பு, கேழ்வரகில் இருக்கிற நாரில் பெரும்பகுதி கரையாதது, பித்த அமிலத்தைப் பிடிக்கிற கூழ்த்தன்மை பார்லி அளவுக்கு வராது. எல்டிஎல்லுக்கு என்று கேட்டால் பார்லியை முன்னால் வைப்பேன்.

நம்ம மண்ணில் விளைகிற சரியான மருந்து பயறு. வெந்த பயறு நாளைக்கு 130 கிராம் சாப்பிட்டால் எல்டிஎல் 5 சதவீதம் குறைகிறது என்று 2014ல் தொகுத்த ஆய்வு சொல்கிறது. காய்ந்த கொண்டைக்கடலையோ காராமணியோ மொச்சையோ கொள்ளோ 50, 55 கிராம் போட்டால் அந்த அளவு கிடைக்கும். மாலை சுண்டல் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். தேங்காய்த் துருவலுக்குப் பதில் மாங்காய் சீவிப் போடுங்கள். வாயு தொல்லை என்று பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். 10 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் வேகவைக்கவும். முதல் வாரம் 25 கிராம், மூன்றாம் வாரம் முழு அளவு. மீல்மேக்கர் (சோயா) 50 கிராமில் 25 கிராம் புரதம், அது எல்டிஎல்லை 3, 4 சதவீதம் குறைக்கும். ஆட்டுக்கறிக்குப் பதிலாக வந்தால் இன்னும் நல்லது.

முந்திரியை ஒதுக்க வேண்டாம். நெய்யில் வறுத்து உப்பு போட்ட முந்திரியைத்தான் ஒதுக்க வேண்டும். ஆனால் எல்டிஎல் குறைய பாதாம், வால்நட், மல்லாட்டை ஆகியவற்றுக்கு இருக்கிற ஆதாரம் முந்திரிக்கு இல்லை. தினத்துக்கு ஒரு கைப்பிடி, 30 கிராம். விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டையைத் தோலோடு வேகவைத்துச் சாப்பிடுவதற்கு ஈடாக விலையிலும் சத்திலும் வேறு கொட்டை இல்லை. இதை மற்ற சாப்பாட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். மிக்சர், பிஸ்கட் இருந்த இடத்தில் வையுங்கள்.

---

மருந்துச்சீட்டு

இசப்கோல் பற்றி யாரும் சொல்லவில்லை. மலச்சிக்கலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். நாளைக்கு 10 கிராம் இசப்கோல் உமி எடுத்தால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் குறையும். ஒரு மேசைக்கரண்டி சுமார் 5 கிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குச் சற்று முன். ஒவ்வொரு தடவையும் 250 மில்லி தண்ணி. கலந்தவுடன் குடிக்க வேண்டும், 5 நிமிடம் விட்டால் விழுங்க முடியாத கூழாகிவிடும். தண்ணி குறைவாகக் குடித்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் தொடக் கூடாது.

தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி, மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரம். சோயாவும் தைராய்டு மாத்திரையை உறிஞ்சவிடாது, அதற்கும் இடைவெளி வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலே எல்டிஎல் ஏறும் என்பதால், முதன்முதலாக எல்டிஎல் கூடியிருக்கிறது என்று வருபவர்கள் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காரணம் அங்கே இருந்தால் எத்தனை தோசை மாற்றினாலும் பலன் வராது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளில் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்கவும். மாத்திரை உடைவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும், தசை வலி வரும். ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தப் பிரச்சனை இல்லை. வெந்தயம் இரண்டு ஸ்பூன் ஊறவைத்துச் சாப்பிடுவதில் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழலாம், அளந்து பார்த்துக்கொள்ளவும். பூண்டின் பலன் மிகச் சிறியது, எல்டிஎல் 160 உள்ளவர் அதை நம்பி இருக்க முடியாது.

---

செக்குமரம்_வில்லியனூர்

வெளிச் சாப்பாடு ஒரு வார்த்தை. புதுச்சேரி பேக்கரிகளில் வெண்ணெய் போட்ட க்ரோசாண்ட் ஒன்று, 60 கிராம் அளவு, நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம். பாதி நாள் கணக்கு அதிலேயே முடிந்தது. பாகெத் என்ற நீள பிரெஞ்சு ரொட்டியில் கொழுப்பு அநேகமாகக் கிடையாது, அதன்மேல் தடவுவதில்தான் இருக்கிறது. பஃப்ஸில் வனஸ்பதியோ மார்ஜரினோ போடுவார்கள். 2022லிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் நிறைவுற்ற கொழுப்புக்கு அந்த வரம்பு இல்லை. சில்வர் பீச், கடற்கரைச் சாலை பஜ்ஜிக் கடையில் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, பஜ்ஜி போடுமுன்பே புகைந்து, நுரை அடங்காமல் நின்றால் அது பல தடவை காய்ந்த எண்ணெய், அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டில் பொரித்த எண்ணெயை வடிகட்டி ஒரு தடவை தாளிக்கப் பயன்படுத்தலாம், மறுபடி பொரிக்க வேண்டாம்.

---

முத்தியால்பேட்டை_வாசகன்

எல்லாவற்றையும் செய்தால் மொத்தம் எவ்வளவு குறையும்? மாத்திரையை விட்டுவிடலாமா?

---

கெடிலக்கரை

பார்லி, சோயா, கொட்டை, தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் தாவரப் பொருள்) எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்து டொரன்டோவில் செய்த ஆய்வு 2003ல் வந்தது. சாப்பாட்டை அவர்களே அளந்து கொடுத்தபோது எல்டிஎல் 28 சதவீதம் குறைந்தது, அன்றைய ஸ்டாட்டின் மாத்திரைக்குப் பக்கத்தில். ஆனால் மக்கள் தங்கள் வீட்டில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டபோது, 2011ல் வந்த ஆய்வில், 13 சதவீதம் சுற்றித்தான். நம் வீடுகளுக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும். தேங்காயும் முழு கிரீம் பாலும் அதிகமாக இருந்த வீட்டில் கூடுதலாகவே குறையலாம், ஏனென்றால் அங்கே வெட்டுவதற்கு நிறைய இருக்கிறது. 150 இருப்பவர் 125, 130க்கு வரலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது சார். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு மாத்திரையோடு சேர்த்துத்தான் இந்தச் சாப்பாடு. எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால் அது பரம்பரையாக இருக்கலாம். அப்பாவுக்கு 55க்கு முன்போ அம்மாவுக்கு 65க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அல்லது கண் இமையிலோ குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாணிலோ மஞ்சள் தடிப்பு இருந்தால், சாப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காத்திருக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள். சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் பயறு, கொட்டை அளவைக் கூட்டும் முன் பொட்டாசியம் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவை நாளுக்கு நாள் மாற்றக் கூடாது.

---

அடுப்படி_மஞ்சக்குப்பம்

ஃபில்டர் காபியால ஏறுமா? நிறைய பேர் கேட்கிறாங்க.

---

லேப்மேசை

காபிக் கொட்டையின் எண்ணெயில் இருக்கிற கஃபெஸ்டால் எல்டிஎல்லைக் கூட்டும். தாள் ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும், நம்ம பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து இறக்குகிற காபியில் மிக அதிகம். சிக்கரி கலந்தால் காபித் தூள் குறைவதால் இதுவும் குறையும், ரொபஸ்டாவில் அராபிகாவைவிடக் குறைவு. நாளைக்கு இரண்டு டபரா குடிப்பவருக்கு முதல் கேள்வி காபி அல்ல, அதில் ஊற்றுகிற பால் எத்தனை சதவீதம் என்பதுதான். ஐந்தாறு தடவை குடிப்பவர், மற்றதெல்லாம் சரிசெய்தும் எண் இறங்காவிட்டால், டிகாக்‌ஷனைத் தாள் ஃபில்டரில் ஒரு தடவை வடித்துக் குடித்து 8 வாரம் கழித்துப் பார்க்கலாம்.